கிளிக் வருது, காசு வரலையே!

கேள்வி: நான்கு மாதமாக இன்ஸ்டாகிராமில் அமேசான் அஃபிலியேட் லிங்க் (அதை அழுத்தி யாராவது பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்) போட்டு வருகிறேன். மொபைல், புடவை, மிக்ஸி, பொம்மை என்று தினமும் பத்துப் பொருளாவது போடுவேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்புகிறேன். 1,900 கிளிக் காட்டுகிறது. ஆர்டர் இரண்டுதான், அதுவும் என் கணவர் எங்கள் வீட்டுக்கு வாங்கியவை. 4,999 ரூபாய் கட்டி ஒரு கோர்ஸில் சேர்ந்தால் மாதம் 50,000 வரும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சேரலாமா?
- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கோர்ஸ் வேண்டாம். அமேசான் அஃபிலியேட் திட்டத்தில் சேரக் கட்டணமே கிடையாது. தெரிந்தவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "சேர்ந்த பிறகு நான் எதை விற்கணும்?" "இதே கோர்ஸைத்தான்" என்று பதில் வந்தால் அது ஆள் சேர்க்கிற வேலை. இப்படி ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டங்களை 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

கோர்ஸைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. அமேசானில் புதுக் கணக்கு தொடங்கினால் 180 நாளுக்குள் குறைந்தது மூன்று தகுதியான விற்பனை நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். சொந்த வீட்டுக்கு உங்கள் லிங்க்கிலேயே வாங்குவது கணக்கில் வராது. ஆக, உங்கள் எண்ணிக்கை இப்போது பூஜ்யம், கையில் இருப்பது சுமார் 60 நாள். அதற்காக "என் லிங்க்ல வாங்கி சப்போர்ட் பண்ணுங்க" என்று சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள், அதுவும் விதிமீறல். வாட்ஸ்அப் குழுவை விட்டுவிடுங்கள். கணக்கில் பதிவு செய்த, எல்லோரும் பார்க்கக்கூடிய பக்கத்தில் மட்டும் லிங்க் இருக்கட்டும். உங்கள் இன்ஸ்டா பக்கம் பிரைவேட்டில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

சரி, 1,900 பேர் வந்தும் ஏன் வாங்கவில்லை? 15,000 ரூபாய் மொபைலை யாரும் ஸ்டோரியில் பார்த்த கையோடு வாங்குவதில்லை. பத்து நாள் விசாரிப்பார்கள், நாலு வீடியோ பார்ப்பார்கள், கடைசியில் எவருடைய லிங்க்கை அழுத்தினார்களோ அவருக்குத்தான் கமிஷன். உங்கள் கிளிக்குக்கு ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் கார்ட்டில் போட்டிருந்தால் மட்டும் பிறகு வாங்கினாலும் உங்கள் கணக்கில் சேரும். அப்படியே விற்றாலும், கமிஷன் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 150 ரூபாய். எந்த வகைப் பொருளுக்கு எவ்வளவு என்ற பட்டியல் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. ஆரம்பிப்பவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பத்துப் பொருளை விட்டுவிட்டு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பிடியுங்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கிறீர்கள், உப்புக்காற்று என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றுதான் போட்டிருக்கும். 202 கிரேடா, 304 கிரேடா என்று விவரத்தில் தேடுங்கள். கடலோரத்தில் 304 அதிக நாள் தாங்கும், 202 சீக்கிரம் துரு கட்டும். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது. துரு முதலில் பிடிப்பது பற்றவைத்த மூலையிலும் ஸ்குரூவிலும்தான். கம்பி நல்ல ஸ்டீலாக இருக்கும், ஸ்குரூ சாதாரண இரும்பாக இருக்கும். இந்த இடங்களை நெருக்கமாகக் காட்டி, சிங்க் பக்கத்தில் எத்தனை அங்குல இடம் வேண்டும், எந்த வீட்டுக்கு இது ஒத்துவராது என்றும் சொல்லி ஒரு ரீல் போடுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஸ்டாண்டு துருப்பிடித்து அலுத்தவர்களுக்கு அது உடனே உறைக்கும். வாங்கும் எண்ணத்தோடு வருகிற 50 பேர், வேடிக்கை பார்க்க வந்த 1,900 பேரைவிட மேல். குக்கர் பற்றிச் சொன்னால், ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கிறதா பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வீட்டு பிரஷர் குக்கருக்கு அது கட்டாயம்.

லிங்க்கிலும் கவனம் வேண்டும். ஆப்பில் சாதாரண ஷேர் பட்டனை அழுத்தி எடுத்த லிங்க்கில் உங்கள் ஐடி, அதாவது அது உங்கள் லிங்க் என்று அமேசானுக்குக் காட்டும் அடையாளம், இருக்காது. எத்தனை பேர் வாங்கினாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. நீளமான முகவரியில் 'டேக்' (tag) என்ற சொல்லை அடுத்து உங்கள் ஐடியும் அதன் கடைசியில் -21-ம் இருக்கிறதா பாருங்கள். ரீல், ஸ்டோரி, பயோ மூன்றுக்கும் தனித்தனி டிராக்கிங் ஐடி உருவாக்கிக்கொண்டால், எது விற்கிறது என்று ரிப்போர்ட்டே சொல்லிவிடும். விலையை நீங்களாக எழுதிப் போடாதீர்கள். காலையில் போட்ட விலை மதியம் மாறிவிடும், அமேசானும் அனுமதிப்பதில்லை. அங்கிருக்கும் வாடிக்கையாளர் ரிவ்யூக்களை அப்படியே எடுத்துப் போடுவதும் கூடாது.

"இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். பேசுவது தமிழ் என்றால் அறிவிப்பும் தமிழில், வீடியோவுக்குள்ளேயே இருக்கட்டும், ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளியக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பணம் உடனே கைக்கு வராது. பொருள் அனுப்பப்பட்ட பிறகுதான் கமிஷன் பதிவாகும், திருப்பி அனுப்பினால் கழித்துவிடுவார்கள். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். பான் எண்ணை இப்போதே சேர்த்துவிடுங்கள். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கும் நிலை வரும்போது அது இல்லையென்றால் 20 சதவீதம் போய்விடும்.

இன்று சாயங்காலமே பழைய லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 'தற்போது ஸ்டாக் இல்லை' என்று வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள்.