அந்தக் கட்டத்தில் கத்தோலிக்கர் என்றே போடுங்கள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இளவாலையில் இருந்து ஒக்டோபரில் தாதியர் படிப்புக்கு ஜேர்மனி போகிறீர்கள். வாடகை எவ்வளவு, குளிர் உடுப்பை இங்கேயே வாங்கலாமா, தமிழ்ப் பூசை கிடைக்குமா, ஞாயிறு டியூட்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, பதிவு செய்யும்போது 'மதம் இல்லை' என்று போட்டால் காசு மிச்சம் என்று ஒரு அக்கா சொன்னாவாம், அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை ஊருக்கு ஊர் வேறு, அதை உங்களை எடுக்கிற ஆஸ்பத்திரியிடமே கேளுங்கள். குளிர் உடுப்பை அங்கே போய் வாங்குங்கள். நான் இருந்து எழுதுவது அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான். அந்தோனியார் திருநாளுக்கு லீவில் யாழ்ப்பாணம் பாசையூர் வந்து நிற்கிறேன். நவநாள் முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் காசு மிச்சம்தான், ஆனால் அந்த அக்கா சொன்னபடி எழுதுவது பிழை. அங்கே வீடு எடுத்ததும் நகரசபையில் விலாசம் பதியவேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்று போட்டால் சம்பளத்தில் இருந்து கோயில் வரியும் கழியும். எங்கள் ஆட்கள் இதை 'சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்பது போய்விடும்' என்று சொல்லிப் புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துகிறார்கள். அது பொய். சம்பளத்தில் அல்ல, நீங்கள் கட்டுகிற வருமான வரியில்தான் 9 வீதம். பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பேர்க்கிலும் 8 வீதம். வருமான வரி 50 யூரோ என்றால் கோயிலுக்குப் போவது 4 யூரோ 50 சதம். படிக்கிற காலத்துச் சம்பளத்துக்கு அதுகூட வராமல் போகலாம்.

பிறகு இன்னொருவர் வந்து, கோயிலில் இருந்து விலகிப் பெயரை வெட்டிவிடு என்பார். நான் இருக்கிற மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டிக் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். 2012இல் ஜேர்மன் ஆயர்கள் எழுத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: அப்படி விலகியவருக்கு, சாகும் தறுவாயில் தவிர, பாவசங்கீர்த்தனமும் இல்லை, நன்மையும் (நற்கருணை) இல்லை. ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. மனம் வருந்தாமல் செத்தால் கோயில் அடக்கத்தையும் மறுக்கலாம்.

ஆயர்கள் எழுதுவதற்கு முன்பே இதை நான் என் வீட்டில் பார்த்தேன். 1998இல் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம். அகதி முகாமில் ஒரே அறையில் என்னோடு படுத்த நண்பன்தான் ஞானத்தகப்பன் என்று, அவள் பிறக்க முதலே பேச்சு. அவன் சங்கிலியும் வாங்கி வைத்துவிட்டான். சுவாமி (பாதிரியார்) அவனுடைய பங்குக் கோயிலில் இருந்து ஒரு கடிதம் கேட்டார். அப்போதுதான், இரண்டு வருஷத்துக்கு முன் பெயரை வெட்டிவிட்டேன் என்றான். யாரோ தமிழர் சொல்லி, கூடப் போய்க் கையெழுத்தும் வைக்கப் பண்ணியிருக்கிறார். என்னிடமே சொல்லவில்லை. பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவன் கடைசி வாங்கில் இருந்தான், சங்கிலிப் பெட்டி சட்டைப் பையில். ஞானத்தாயாக ஓமா மட்டும் தனியே நின்றார்.

ஓமா யாரென்று சொல்லவேண்டும். ஜேர்மனில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் போய் இறங்கியது 1990 டிசம்பரில், 22 வயதில். இங்கே ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது, வீட்டுக் கடிதம் வந்து சேர மாதக்கணக்கு. தமிழ்ப் பூசை 60 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு நகரத்தில். அப்போது அசூல் (அகதித் தஞ்சம்) கேட்டவர்கள் அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. அதனால் முகாமுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு நடந்தேன். உள்ளே பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுதிரி, இரண்டு எரிந்துகொண்டிருந்தன. சுவாமி ஊதா உடுப்பில் வந்தார். திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு என்று அதை வைத்தே பிடித்துவிட்டேன். வாசித்தது ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுவரில் ஒரு பலகையில் இலக்கங்கள் தொங்கின. பக்கத்தில் இருந்த கிழவி தன் பாட்டுப் புத்தகத்தை என் மடிப்பக்கம் தள்ளி, அந்த இலக்கத்தைக் காட்டி, வாதத்தில் வளைந்த விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே பாடினார். எழுந்தேற்றத்துக்கு, சுவாமி அப்பத்தை உயர்த்தும்போது, மணி அடித்தது. யாழ்ப்பாணம் பெரியகோயிலில் அடிக்கிற அதே நேரம், அதே இடம். முழந்தாளிட்டபோது வீட்டை விட்டு வந்தபின் முதல் தடவையாக அழுதேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவருடைய புருஷனின் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து தந்தார். அவர்தான் ஓமா.

நான் ஜேர்மன் படித்தது அந்த வாங்கில் இருந்துதான். முப்பது வருஷம் அங்கே இருந்தும் பக்கத்துத் தெருக் கோயிலின் கதவைத் திறவாத தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு தமிழ்ப் பூசை, அதற்குப் பிறகு ரோல்ஸ், தேத்தண்ணி, அவ்வளவுதான் கோயில். தமிழ்ப் பூசைக்குக் கட்டாயம் போங்கள், நானும் போகிறேன். எங்கள் பாஷையில் வியாகுலப் பிரசங்கம் கேட்காமல் எனக்குப் பெரிய வெள்ளி கழியாது. ஆனால் அங்கே 'நீங்கள் எந்தக் கோயிலடி?' என்று கேட்பவர்களிடம் கவனம். அவர்கள் தேடுவது உங்கள் பங்கை அல்ல, சாதியை. முதல் நன்மைக்குக் கடன்பட்டு மண்டபம் எடுக்கிறவர்களின் கூட்டிலும் சேரவேண்டாம். அந்தக் காசில் கோயில் வரி எத்தனை வருஷம் கட்டலாம்!

ஓகஸ்டில் கெவலார் மாதாவிடம் தமிழர் எல்லாரும் கூடுவார்கள். ஒல்லாந்து எல்லையோரத்துச் சின்ன ஊர் அது. 1642இல் வைத்த லுக்சம்பேர்க் மாதாவின் படம், உள்ளங்கை அளவுக் கடதாசி. மன்னாரில் மடு மாதாவிடம் வருவதுபோல சைவ ஆட்களும் வருவார்கள். சேலையோடும் மல்லிகைப்பூவோடும் செபமாலை சொல்லிக்கொண்டு சுற்றுப்பிரகாரம் போகும்போது ஆனைக்கோட்டை வீதியில் நடப்பதுபோல இருக்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சில்லாலையை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகளை ஒளித்து வைத்துப் பூசை கண்ட சனம் அது. அந்த மண்ணில் இருந்து போகிற பிள்ளை 4 யூரோவுக்காக மதம் இல்லை என்று எழுதக் கூடாது.

சரி, ஞாயிறு டியூட்டி. பல பங்குகளில் சனி பின்னேரமே ஞாயிற்றுப் பூசை இருக்கும், அது கணக்கு. டியூட்டி அட்டவணை போட முதலே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், கேட்டால் மாற்றித் தரக்கூடும்.

போக முன் பங்குச் சுவாமியிடம் ஞானஸ்நானச் சான்றிதழும் உறுதிபூசுதல் சான்றிதழும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பிறகு அங்கே கலியாணம் என்று வந்தால் ஆறு மாதத்துக்குள் எழுதிய புதுச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே பங்கு அலுவலக நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதக் கடைசி வரை இங்கேதான் நிற்கிறேன். படிவத்தை நிரப்பிப் பார்க்கவேண்டுமென்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாசையூர்க் கோயிலடிக்கு வாருங்கள், பின்னேரப் பூசைக்குப் பிறகு நிற்பேன். அந்த நண்பனும் இந்தமுறை என்னோடு வந்திருக்கிறான். சுவாமியிடம் போய்க் கதைத்து, ஆயரின் அனுமதியோடு 2016இல் திரும்பவும் சேர்ந்தவன். என்னைவிட அவனிடம் கேட்பது நல்லது.