பேரீத்தங்கொட்டைக் கோப்பி குடித்தால் குளிசையை விடலாமா?

கேள்வி: உம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் தரும் மெட்போர்மின் குளிசை பாவிக்கிறா. நோன்பில் சேர்ந்த பேரீத்தங்கொட்டைகளை வறுத்துக் கோப்பி போட்டுக் குடித்தால் சீனி முற்றாக மாறிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதிலிருந்து, குளிசையை விடப்போவதாக நிற்கிறா. நான் என்ன செய்ய?
– வாசகி, காத்தான்குடி

பதில்: தங்கச்சி, கோப்பியைக் குடிக்கட்டும். குளிசையை மட்டும் ஒருநாளும் விடவிடாதீர்கள்.

மாமி கொட்டையை மெச்சியதில் பிழையில்லை. காய்ந்த பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனி. கொட்டையில் அது மிகக் குறைவு. பாதிக்கு மேல் நார்ச்சத்துதான். 5 முதல் 13 சதவீதம் வரை எண்ணெய். அதில் ஒலிவ் எண்ணெயிலுள்ள ஒலெயிக் அமிலம் கூடுதல், அடுத்தது நம் தேங்காயெண்ணெயிலுள்ள லோரிக் அமிலம். ஆராய்ச்சியாளர்கள் தேடுவது, தாவரங்களில் துவர்ப்பைத் தருகிற பொலிபீனோல் சேர்மங்களை. தேயிலையில் இருக்கிற கற்றெக்கின் வகைச் சேர்மங்கள் இந்தக் கொட்டையிலும் நிறையவே உண்டு.

மாப்பொருளைச் சீனியாக உடைக்கிற நொதியங்களை இந்தச் சேர்மங்கள் சோதனைக் குழாயில் தடுக்கின்றன. நீரிழிவுள்ள எலிகளிலும் இரத்தச் சீனி இறங்கியிருக்கிறது. ஆனால் எலிக்கு நிறை பார்த்துக் கொடுத்த செறிந்த சாறு வேறு, உம்மா ஒரு கரண்டித் தூளில் ஊற்றிக் குடிக்கிற கோப்பி வேறு. அதோடு, கோப்பியை வடித்ததும் கோப்பையடியில் தங்குகிற மண்டியைப் பாருங்கள். நார்ச்சத்து முக்காலும் அதில்தான் போகிறது! நார் வேண்டுமென்றால் தூளை நன்றாக அரித்து, குரக்கன் ரொட்டி மாவில் அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கொடுங்கள்.

மெட்போர்மின் செய்கிற வேலை, ஈரல் அளவுக்கு மீறி இரத்தத்துக்குள் சீனியை விடாமல் தடுப்பது. அந்த இடத்தை இந்தக் கோப்பி பிடிக்காது. சீனி ஏறுவது நோகாது. நோகாமலே கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தின்னும். எனக்குப் பயம் அதுதான்.

கோப்பி போடும் முறை: கொட்டையில் ஒட்டிய சதை போகத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். தாச்சியில் மெல்லிய நெருப்பில், கடும் மண்ணிறம் வரும்வரை வறுங்கள், கருகினால் கசக்கும். வறுத்த பிறகும் கல்லுப்போலத்தான் இருக்கும், வீட்டு கிரைண்டரின் பிளேட் தாங்காது. உரலில் இடித்து உடைத்துவிட்டு அரைக்க வேண்டும், இல்லையென்றால் மில்லுக்குக் கொடுங்கள். கபேன் இல்லாததால் இரவில் குடித்தாலும் நித்திரை கெடாது. சீனி, கருப்பட்டி எதுவும் போடாதீர்கள். கடித்துக்கொள்ளப் பேரீத்தம்பழமும் வேண்டாம்.

இரும்புச்சத்துக் குளிசையும் பாவிக்கிறா என்றால், அதற்கும் கோப்பிக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். துவர்ப்புச் சேர்மங்கள் இரும்பை உடலில் சேர விடாது. சிறுநீரகத்தில் குறை இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குத் தூளையும் ஒரு சரையில் சுற்றிக் கொண்டுபோய், இதைக் குடிக்கிறா என்று சொல்லுங்கள். சீனி இறங்கியிருந்தால் குளிசையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை, இரத்த ரிப்போட்டைப் பார்த்து அவர்களே சொல்லட்டும்.