சால்வென்ட் விலை இறங்கியிருக்கிறது, கடன் வாங்கி நிரப்பலாமா?

கேள்வி: பெயின்டை இளக்கும் தின்னரைக் கலந்து விற்கும் சிறுதொழில் என்னுடையது. அதில் சேரும் சால்வென்ட்கள் (கரைப்பான்கள்) டொலுயீன், அசிட்டோன் இரண்டும் சில மாதங்களாக இறங்குமுகம். இப்போது கச்சா எண்ணெய் ஏறுவதால் இவையும் ஏறும் என்கிறார்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் (வங்கி தரும் வரம்புக் கடன்) எடுத்து மூன்று மாதச் சரக்கை வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். அசிட்டோனில் அந்த ஆசையே வேண்டாம்.

டொலுயீன் பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலைச் சரக்கு. ஆக்டேன் என்ற எரிதரத்தைக் கூட்டப் பெட்ரோலிலும் கலக்கிறார்கள். அதனால் பெட்ரோல் கிராக்கி கூடினால் சால்வென்ட் சந்தைக்கு வரும் அளவு குறைந்து விலை இறுகும். இதில் கச்சா எண்ணெயைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம்.

அசிட்டோன் சங்கதி வேறு. பெரும்பகுதி ஃபீனால் (பிளாஸ்டிக், பிசின் செய்ய உதவும் ரசாயனம்) தயாரிப்பில் கூடவே வருவது, டன் ஃபீனாலுக்குச் சுமார் 0.6 டன். ஃபீனால் நன்றாக ஓடினால், கேட்க ஆளில்லாவிட்டாலும் அசிட்டோன் குவியும். ஃபீனால் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தால், கச்சா எண்ணெய் சும்மா இருக்கும்போதே அசிட்டோன் ஏறும். 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதே பருவத்தில் சானிடைசர் தேவையால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற இன்னொரு சால்வென்டின் விலை எகிறியது; கச்சா எண்ணெயோடு சால்வென்ட் எப்போதும் சேர்ந்து போவதில்லை.

வட்டி உங்களை மூழ்கடிக்காது. சரக்கு படிப்படியாகத் தீருவதால் சராசரி இருப்பு ஒன்றரை மாதம்தான், வட்டி 1.5 சதவீதம். ஆவியாகும் இழப்பு, காப்பீடு, கிடங்குச் செலவைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள். (அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். கூடுதல் டிரம் வைக்க உரிமம் அனுமதிக்கிறதா?) எனக்குப் பயம் வேறு. விலை மேலும் 10 சதவீதம் இறங்கினால், போட்டியாளர் புது விலைக்கு வாங்கிக் கலந்து விற்பார்; நீங்களும் அந்த விலைக்கே இறங்கியாக வேண்டும். ஓவர்டிராஃப்ட் வரம்பு முழுதும் டிரம்மில் அடைந்துகிடக்கும். சம்பள நாளில் எடுக்க ஒன்றுமிருக்காது.

ஒரு மாதச் சரக்கைச் சொந்தப் பணத்தில் வையுங்கள். டொலுயீனில் மட்டும் கூடுதலாக இரண்டு வாரம் வைக்கலாம். கொட்டேஷனில் விலை 7 நாளுக்கே செல்லும் என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரே விலை கேட்கும் வாடிக்கையாளர் முன்பணத்தோடு ஆர்டர் தந்தால், அதற்கான சரக்கை அன்றே வாங்கிவிடுங்கள். அதற்கு ஓவர்டிராஃப்ட் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.