ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனம் பயன்படுத்தும் மின்சாரத்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். யூனிட்டுக்கு 0.82 கிலோ என்கிறார் ஓர் ஆலோசகர், 0.727 என்கிறார் இன்னொருவர். இதைப் புகைபோக்கியில் அளக்கிறார்களா? காற்றாலைகள் நிறைந்த தமிழ்நாட்டுக்கும் அகில இந்திய எண்தானா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டு எண்களும் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்டவைதான். 0.82 என்பது சில ஆண்டுகளுக்கு முந்தையது, 0.727 என்பது 2023-24ஆம் ஆண்டுக்கானது. மாதம் 10,000 யூனிட் செலவழிக்கும் ஆலைக்கு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு டன் வித்தியாசம் வரும் என்பதால், எந்த ஆண்டின் எண் என்பதைக் குறிப்பிடாத கணக்கை ஏற்காதீர்கள். 2022-23இல் அது 0.716 ஆக இருந்தது. மழை குறைந்து புனல் மின்னுற்பத்தி சரிந்த அடுத்த ஆண்டில் சற்றே ஏறியது.

புகைபோக்கியில் அளந்து இந்த எண்ணைப் பெறுவதில்லை. எரித்த நிலக்கரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். அனல் மின் நிலையத்துக்கு வரும் கரியில் மாதிரி எடுத்து, மாவாக அரைத்து, அதில் ஏறக்குறைய ஒரு கிராமை ஆக்சிஜன் நிரப்பிய எஃகுக் கலத்தில் எரித்து, சுற்றியுள்ள நீரின் வெப்பம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பார்கள். கிலோவுக்கு 3,600 கிலோகலோரி தரும் கரி, யூனிட்டுக்கு 2,400 கிலோகலோரி தேவைப்படும் நிலையம் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.67 கிலோ கரி எரிகிறது. அதிலுள்ள கார்பன் கால் கிலோ என்றால், 12 பங்கு கார்பன் 44 பங்கு கரியமில வாயுவாகும் வேதியியல் கணக்குப்படி, சுமார் 0.9 கிலோ வாயு வெளியேறும். ஈரம் மிகுந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் இது இன்னும் கூடும். புனல், காற்று, சூரிய மின்சாரத்தையும் சேர்த்துச் சராசரி காண்பதால்தான் நாட்டின் எண் இதைவிடக் குறைவு. மாதிரி எடுப்பதில் கவனம் பிசகினால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும் என்பதால், இந்தச் சோதனைக்கூட வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நிலையத்தின் சொந்த விசிறிகளும் அரவை இயந்திரங்களும் பம்புகளும் குடிக்கும் மின்சாரத்தைக் கழித்து, வெளியே அனுப்பிய யூனிட்டுகளால்தான் வகுக்கிறார்கள். கம்பிகளில் ஏற்படும் இழப்பு இந்த எண்ணில் அடங்காது. உங்கள் டீசல் ஜெனரேட்டரின் புகையும் அடங்காது. அதைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

இனி தமிழ்நாட்டு விஷயம். முன்பு தென்மாநில மின் தொகுப்புக்கு, அதாவது மின் நிலையங்களை இணைக்கும் கம்பி வலைப்பின்னலுக்கு (கிரிட்), தனி எண் இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின் வழித்தடம் இணைந்ததும் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒரே தொகுப்பாயிற்று. அதன் பிறகு முப்பந்தல் காற்றின் யூனிட்டையும் வட இந்தியக் கரியின் யூனிட்டையும் உங்கள் மீட்டரில் பிரித்துக் காண முடியாது. ஆகவே சராசரிதான் நியாயம். உங்களுக்குச் சொந்தக் காற்றாலை இருந்து, அதன் மின்சாரத்தைப் பொதுக் கம்பி வழியே பெறுகிறீர்கள் என்றால், தொகுப்புச் சராசரிப்படி ஒரு கணக்கும் காற்றாலை ஒப்பந்தப்படி இன்னொரு கணக்கும் காட்டுங்கள். கரியமில வாயு போன்றவற்றைக் கணக்கிடுவதற்கான சர்வதேச நெறிமுறை (GHG Protocol) இரண்டையுமே கேட்கிறது. ஒன்றை மட்டும் காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

இந்தச் சராசரி ஆண்டு முழுவதற்குமானது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் வாயு குறைவு. இருட்டிய பின், வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில், அனல் நிலையங்களே பெரும்பங்கைத் தாங்குவதால் அது அதிகம். சாயப் பட்டறையின் கொதிநீரை மின்சாரத்தில் இரவுக்குப் பதிலாக நண்பகலில் சுட வைத்தால் புகை உண்மையிலேயே குறையக்கூடும், ஆனால் 0.727 ஆல் பெருக்கும் உங்கள் அறிக்கையில் அது ஒரு கிலோகூடத் தெரியாது.