பூங்காவில் யோகா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யோகா ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கிறேன். எங்கள் தெரு ஆச்சிமார் சிலர், காலையில் மாநகராட்சிப் பூங்காவில் சொல்லித் தரும்படி கேட்கிறார்கள். பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். திறந்த வெளியில் கற்பிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, காரைக்குடி

பதில்: அவசியம் தொடங்குங்கள். ஆனால் வீட்டுக்குள் பழகிய ஆசன வரிசையை அப்படியே பூங்காவுக்குக் கொண்டு போகாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த சமமான தரையில் ஒற்றைக் காலில் உறுதியாக நிற்பவர்கூட, சரளை கலந்த செம்மண்ணில் தடுமாறுவார். முதல் நாள் மாலையிலேயே அந்த இடத்தில் நடந்து பார்த்து, கல்லும் முள்ளும் இல்லாத, சரிவில்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கீழே தடித்த ஜமுக்காளமும் அதன்மேல் ரப்பர் விரிப்பும் இருந்தால் முழங்கால்களுக்கு நல்லது. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தின்போது ஒரு கையால் மரத்தையோ பக்கத்தில் நிற்பவரின் தோளையோ பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் பூங்காவில் அறவே தவிர்த்துவிடுங்கள். மேடுபள்ளமான தரையில் உடலின் பாரம் கழுத்தில் கோணலாக இறங்கும் என்பதோடு, உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் எங்குமே ஏற்றவை அல்ல.

வகுப்பில் சேருமுன் ஒவ்வொருவரிடமும் தனியாக அமர்ந்து உடல்நிலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவே கேட்டால் பலர் மறைத்துவிடுவார்கள். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களுக்கு, மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி வேண்டாம். வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்ற விதியைச் சர்க்கரை நோயாளிகளிடம் கண்டிப்பாக வலியுறுத்துவது ஆபத்தானது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும் என்பதால், அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவர வேண்டும். உங்கள் பையிலும் வெல்லமோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும்.

சர்வதேச யோகா தினம் 2015-இல் தொடங்கியதிலிருந்து, மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்ல மைதானமே ஒரே அசைவாகச் செய்யும் காட்சி நமக்குப் பழகிவிட்டது. ஜூன் 21-க்கு அது பொருந்தலாம்; தினசரி வகுப்புக்குப் பொருந்தாது. சென்னையில் வாழ்ந்து கற்பித்த யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை அவரவர் உடலுக்கும் வயதுக்கும் ஏற்ப அமைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதை ஒட்டியே நானும் சொல்கிறேன்: ஒருமுறை செய்துகாட்டிவிட்டு எழுந்து, வரிசைகளுக்கிடையே நடங்கள். முன்னால் நின்று நீங்களே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால், பின்வரிசையில் மூச்சை அடக்கிக்கொண்டு சிரமப்படும் ஆச்சியைக் காண முடியாது. திறந்த வெளியில் குரல் சிதறும் என்பதால், எல்லாரும் அருகில் இருக்கும்படி சிறு கூட்டமாக வைத்துக்கொள்வதே முறை.

விளக்கிச் சொல்லும்போது சூரியனை நோக்கி நீங்கள் நில்லுங்கள். கற்பவர்களின் கண் கூசக் கூடாது. நம் பகுதியில் ஜூன் மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே விடிந்துவிடும், ஜனவரியில் ஆறரையும் தாண்டும். ஆகவே வகுப்பு நேரத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சிக்குச் சாலையை ஒட்டிய ஓரம் வேண்டாம். மார்கழியில், மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு ஒவ்வொருவரும் போர்த்திக்கொள்ள ஒரு துணி கொண்டுவரட்டும்.

கேள்வி: பூங்காவில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கலாமா? சான்றிதழ் வேண்டுமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: பூங்கா பொது இடம். கட்டணம் உண்டோ இல்லையோ, நாள்தோறும் கூடுவதற்கு உள்ளாட்சி அலுவலகத்தில் நேரத்தையும் இடத்தையும் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாக அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். நடைபயிற்சிக்கு வருபவர்களின் பாதையை மறிக்காதீர்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வை எழுதுவது நல்லது. சேர வருபவர்கள் உங்கள் தகுதியைக் கேட்டறிய உரிமை உள்ளவர்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பு நின்றுபோகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகப்பையோ வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தையோ உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். சாரலில் நனைந்த கல் வழுக்கும். அன்று நின்று செய்பவற்றை விட்டுவிட்டு, உட்கார்ந்து செய்பவற்றை மட்டும் நடத்துங்கள்.