விடுதலைப் போராட்ட வீரர் கடலூர் அஞ்சலை அம்மாள் சிறை செல்லக் காரணமான நீல் சிலையில் என்ன சிக்கல்? புதுச்சேரியின் பிரெஞ்சுப் போர் நினைவகத்தையும் அதனோடு சேர்த்துப் பேசலாமா?

சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அந்தச் சிலை, 1857 எழுச்சியை ஒடுக்கச் சென்று லக்னோவில் மாண்ட ஆங்கிலேயப் படைத் தளபதி ஜேம்ஸ் நீலுக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலேயருக்கு அவர் போர் வீரர். ஆனால் அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணை என்று சொல்லத்தக்க எதுவுமின்றி மக்களைத் தூக்கிலிட்டவர் என்பதால், அவரைப் பொதுச்சாலையில் போற்றுவது இந்தியருக்கு அவமதிப்பாகவே பட்டது.

அச்சிலையை அகற்றக் கோரி 1927இல் தொடங்கிய சத்தியாகிரகத்தில் கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலை அம்மாள், சிறுமியாக இருந்த தம் மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டு சிறை சென்றார். அகிம்சை வழியில் நடக்கும்வரை போராட்டத்துக்குத் தம் ஆதரவு உண்டு என்ற காந்தி, அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துச் சென்றார். சிலை உடனே அகலவில்லை, 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகே எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது.

புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவகத்தை இதனோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது என்பது என் கருத்து. 1938இல் திறக்கப்பட்ட அது, தனியொரு தளபதியைப் போற்றாமல், முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களை நினைவுகூர்கிறது.