துப்பறியும் தொடர்களில் மூளையைவிட அடிதடிக்கு ஏன் இவ்வளவு இடம்?

பெரும்பாலும் நேரம்தான் காரணம். 1998-இல் சோனி டிவியில் தொடங்கிய 'சிஐடி' என்ற இந்தித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம், தடயம் எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அதில் வரும் அதிகாரி தயா கதவை உடைப்பதுதான். அதற்கு அரை நிமிடம் போதும், பாதியில் சேனல் மாற்றி வந்தவருக்கும் புரியும். துப்பு அப்படியில்லை. முதல் காட்சியில் மேசைமேல் கிடந்த மூக்குக்கண்ணாடியைக் கடைசிவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். நடுவில் விளம்பரம் வேறு! வாரா வாரம் அப்படியொரு முடிச்சு போடுவது எழுதுபவருக்கும் தலைவலி.

அமெரிக்கத் தொடரான 'கொலம்போ' இதற்கு விதிவிலக்கு. கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அப்புறம் கசங்கிய மழைக்கோட்டு அதிகாரி கிளம்புவதுபோல் போய், வாசலில் திரும்பி இன்னொரு கேள்வி கேட்பார். எதிரில் இருப்பவரின் முகம் மாறும் பாருங்கள், எனக்கு அதுவே சண்டைக்காட்சி. ஆனால் அதற்கு ஒன்றரை மணி நேரம்கூடக் கொடுத்தார்கள்.